ஆட்டுக்குப் புதுத் தொட்டி

குவாரி முதலாளி ஹாஜி மர்ஸூக் ஆட்டு ரத்தத்தில் உள்ளங்கையைத் தோய்த்து, கல் வெட்டும் புது ரம்பத்தின் மஞ்சள் உடம்பில் அழுத்தினார்.

திருஷ்டி கழிந்தது. இனி இந்தக் கல்குவாரியில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஆட்கள் கைதட்டினார்கள்.

கலஃப் மட்டும் கைதட்டவில்லை. ஆளுயர ரம்பச் சக்கரம் மேலே மூடி இல்லாமல் மொட்டையாக நின்றது.

போன கோடையில் இதே மாதிரி ஒரு மொட்டை ரம்பம்தான் அவன் தம்பி ஸிதானைக் கொன்றது. அங்கியின் நுனி பல்லில் சிக்கியது, அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்த ஹாஜி, கலஃபின் அம்மா முன்னால் குர்ஆன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த ரம்பம் மூடியோடுதான் ஓடும். மூடி போட்டால் வெட்டு மெதுவாகும், தினமும் வெட்டும் கல் குறையும். குறைந்தால் குறையட்டும் என்றார்.

வேலையை நிறுத்தக் கிளம்பிய ஆட்களை வீடு வீடாகப் போய்ச் சமாதானம் செய்து கூட்டி வந்தவன் கலஃப்தான். அந்தச் சத்தியத்தை அவன் அப்படி நம்பினான்.

"மூடி எங்க ஹாஜி?"

"அனுப்புனவன் மறந்துட்டான்டா மகனே. வந்துரும். அதுவரைக்கும் உன் தம்பி பேர்ல அறுத்த இந்த ஆடு காப்பாத்தும்."

தம்பி பேரைக் கேட்டதும் கலஃப் தலையாட்டினான். மனுஷன் மறக்கவில்லையே என்று நினைத்தான். கேட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ரொட்டியும் சோறும் கறியும் நிரம்பிய தட்டை நீட்டி, கூட வேலை செய்யும் நவார் சீண்டினான்.

"ஆட்டுக்கே புதுத் தொட்டி போட்டவரு, உனக்கு மூடி போட மாட்டாரா? தின்னுடா."

எல்லோரும் சிரித்தார்கள். கலஃபும் சிரித்தான்.

நவார் சொன்னது உண்மைதான். கொட்டகையில் பாதி மண்ணில் புதைத்த அந்த இரும்புத் தொட்டியில்தான் ஒரு வாரமாக ஆடு தண்ணீர் குடித்தது. குவாரியில் எல்லாவற்றையும் போல அதன்மேலும் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. கயிறு கட்ட வாகாக விளிம்பில் ஓட்டைகூட இருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் விடலாம் என்று மண்ணிலிருந்து பெயர்த்துக் கவிழ்த்தான்.

மண்ணுக்குள் இருந்த பக்கம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

அரைவட்டம். இரண்டு பக்கமும் அடைப்பு. விளிம்பு நெடுகத் திருகாணி ஓட்டைகள்.

கொட்டகை வாசல் வழியாக மொட்டை ரம்பத்தைப் பார்த்தான், அதே மஞ்சள்.

வெளியே ஹாஜி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி நினைவாக முதல் கல்லை அவன்தான் வெட்ட வேண்டுமாம்.

ரம்பம் சுழலத் தொடங்கியது.

ஓர் ஓட்டையில் ஆட்டின் கயிறு இன்னும் கட்டியபடி இருந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் கலஃப்தான்.