வில்ஃப் போடாத கையெழுத்து

எங்கள் தொழிற்சாலை செய்த ஒரே ஒரு முன்மாதிரி விமானம் அது. பார்க்க இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரமே திரண்டு வந்தது என்றால் பாதியாவது உண்மை.

தரப் பரிசோதகன் வில்ஃப் இறக்கையைக் காசால் தட்டிப் பார்த்தான். "சத்தம் சரியில்ல. உள்ள விரிசல் இருக்கு. பறக்கலாம்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

"விரிசல் இறக்கையிலயா, உன் மண்டையிலயா?" என்றேன். தொழிற்சாலையின் நானூறு பேரும் சிரித்தார்கள்.

கையெழுத்து இல்லாததால் பறக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. அதை வாங்கவிருந்த அரசாங்கம் பொறுமையிழந்து விமானமே வேண்டாம் என்றது. நானூறு பேருக்கும் வேலை போனது.

அன்றிலிருந்து வில்ஃபோடு ஊரில் ஒருவரும் பேசவில்லை. அவன் பப்புக்குள் நுழைந்தால் நாய்கூட முதுகைக் காட்டும். முதலில் காட்டியவன் நான். பேச ஆளில்லாமலே அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போனான்.

வசந்தத்தில் விமானத்தை உடைக்க ஆள் வந்தார்கள்; வேடிக்கை பார்க்கப் போனேன். ரம்பம் படுமுன்பே, சங்கிலி கட்டித் தூக்கிய இறக்கை இரண்டாக முறிந்து விழுந்தது.

"நல்லவேளை, எவனும் இதுல ஏறல! யாருய்யா ஓட்டறதா இருந்துது?" என்றான் ரம்பக்காரன்.

"நான்தான்."

இப்போது ஞாயிறுதோறும் வில்ஃபின் கல்லறையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறேன். அவன்தான் முகம் கொடுப்பதில்லை.