வருசநாட்டு மழை

இருதயம் பலவீனமானதிலிருந்து சுருளியாண்டியின் கால்கள் வீங்கின, மூச்சு வாங்கியது. தலைக்கு ரத்தம் சரியாகப் போகாததால் மறதி கூடும் என்றார் கம்பத்து டாக்டர். கல்யாணமான முப்பத்தெட்டாம் வருடம் சித்திரையில் அவர் தன் பெயரையே மறந்திருந்தார்.

ஒரு மத்தியானம், மனைவி இருளம்மாள் கஞ்சி ஊட்டும்போது அவர் சொன்னார்:

“வருசநாட்டுல நல்ல மழை. ஒங்காத்தா முந்தானையால ஒன்னைய மூடிக்கிட்டு ஓடுறாக. ஒனக்குப் பல்லுகூட மொளைக்கல.”

பிறந்த ஊரான வருசநாட்டில் இருளம்மாள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் தாய் இறந்துவிட்டாள். அந்தத் தாயைச் சுருளியாண்டி பார்த்ததேயில்லை.

இருளம்மாள் கஞ்சியைக் கீழே வைத்தாள். “ஆத்தா எப்பிடி இருக்காக?”

“செவப்பா இருக்காக. சிரிச்சுக்கிட்டே ஓடுறாக.”

“அப்பறம்?”

“வீட்டுக்கு வந்துட்டீக. ஒனக்குத் தலை துவட்டுறாக.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் அவள் நரைத்த தலையை மெல்லத் துவட்டினார். வெளியே வெயில் கொளுத்தியது. துண்டு நனைந்துகொண்டே இருந்தது.