ஒரு நாட்டைத் தெரிவு செய்க

எந்த நாடு வேணுமென்று கேட்டதுதான் நான் விட்ட பிழை.

உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்து நான்காம் நாள். வதந்தி பரவுமென்று அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் மூடியிருந்தது. கோயிலிலும் பூசை இல்லை, போனிலும் கதை இல்லை.

குருநகருக்கு நான் கலியாணம் கட்டி வந்து இரண்டு மாதம்தான். முன்பு போன் கடையில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் என் வாசலில் வந்து நின்றது. விபிஎன் போட்டால், போன் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும். தடை அங்கே செல்லாது. எந்த நாடென்றாலும் ஒன்றுதான்.

சொன்னால் யார் கேட்டார்கள்? நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குச் சிங்கப்பூர் போட்டுக் கொடுத்தேன். மகள் இருப்பது கனடாவில் என்று பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்தார். பஸ் மாறி ஏற்றிவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

கடைசியாக வந்தவர் பக்கத்து வீட்டு அருமைநாயகி அன்ரி. தனியாக இருப்பவர்.

"அவுஸ்திரேலியா போடு பிள்ளை. என்ரை மகன் றெஜியோடை கதைக்கவேணும்."

போட்டேன். போன் உடனே அங்கே போய்விட்டது. விளம்பரங்கள் மாறின. சிட்னியில் மழை என்றது.

அன்ரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கொழுத்தும் வெயிலில் எழுந்துபோய், தன் முற்றத்துக் கொடியில் கிடந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து மடித்தார். அங்கே மழையல்லவா என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் மதிலால் எட்டி எனக்கு அந்த ஊர் வானிலை சொன்னார். இன்றைக்கு அங்கே குளிராம். றெஜி போர்க்கமாட்டானாம். கேட்டுக் கேட்டு, சோறு வடிக்கும்போது எனக்கும் லேசாகக் குளிர்ந்தது.

பத்தாம் நாள் தடையை எடுத்தார்கள். விபிஎன் கிடந்தால் பாட்டரி இறங்கும் என்று வீடு வீடாகப் போய் அழித்துக்கொண்டு வந்தேன்.

அன்ரியின் போனில் றெஜிக்கு எழுதியவை திறந்தே கிடந்தன. சாப்பிட்டியோ. குடை கொண்டு போ. ஒன்றையும் அவன் பார்க்கவில்லை. தடையால்தான் என்று நினைத்து மேலே தள்ளினேன். போன மாதம் எழுதியதையும் பார்க்கவில்லை. போன வருசம் எழுதியதையும் பார்க்கவில்லை.

அவனுடைய பேஸ்புக் பக்கத்துக்குப் போனேன். கடைசிப் படம் குருநகர் இறங்குதுறையில் எடுத்தது. நீலக் கோடு போட்ட சட்டை. அதே சட்டை. திகதி 2012.

நிமிர்ந்தேன். அன்ரி மறைக்கவில்லை. அந்த வருசம் நாற்பது பேரோடு வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டவனாம். வள்ளம் கரை சேர்ந்ததாக இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லையாம்.

என் விரல் விபிஎன்னை அழிக்கும் இடத்தில் நின்றது. அன்ரி மெல்ல என் கையைப் பிடித்தார்.

"இதெண்டாலும் போய்ச் சேர்ந்திட்டுது பிள்ளை. அங்கையே இருக்கட்டும்."

விரலை எடுத்தேன். இரவில் மறக்காமல் சார்ஜ் போடுங்கோ என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.