எப்படி இருக்கிய என்று கேட்காதீர்கள்

வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "என்ன வேணும்னாலும் பேசுங்க, எப்படி இருக்கியன்னு மட்டும் அவியகிட்ட கேட்டுராதீங்க" என்று கெஞ்சுவேன். என் கணவர் தாணுலிங்கத்தின் மணிக்கட்டில் இருந்த காப்பீட்டுப் பட்டை எங்கள் பேச்சை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரைக்கு நிபந்தனை எதுவும் இல்லை. வர்ம வைத்தியத்துக்கு மட்டும் ஒன்று உண்டு: நோயாளி தன் வாயால் நலம் என்று சொல்லிவிட்டால் அத்துடன் காப்பீடு நின்றுவிடும். மாத்திரையில் அவருக்கு வலி அடங்கவில்லை. வைத்தியர் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனால்தான் படுத்துத் தூங்குவார்.

யார் விசாரித்தாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லியே பழகிய மனிதர் அவர். அவர் வாயைத் திறந்தாலே நான் முந்திக்கொண்டு பேசிவிடுவேன்.

ஒருநாள் அவருடைய தங்கை பகவதி மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, எப்படி இருக்கிய?"

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்கேன் மக்கா."

பட்டையில் பச்சை விளக்கு அணைந்தது.

"கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்றேன்.

"அவ அழுதுக்கிட்டுல்லா கேட்டா. வேற என்னத்தச் சொல்ல?"

வைத்தியர் அதன்பிறகு வரவில்லை. கடைசிவரை என் கணவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பகவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் எங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னாவல்லா, அது ஒண்ணுதான் மைனி எனக்கு ஆறுதல்."

"ஆமா மக்கா," என்றேன். "நல்லாத்தான் இருந்தாவ."