ஞானதுரையின் குரல்

குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்ற மருத்துவர், ஞானதுரைக்கு ஒரு வழியும் சொன்னார். முன்பே குரலைப் பதிந்து கொடுத்தால், பிறகு அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அவர் குரலிலேயே பேசும். ஆனால் அந்த மென்பொருள் ஒரு நிறுவனத்தின் கணினியில் மட்டும்தான் ஓடும். பதிந்த குரலும் அவர்களிடமே இருக்கும். ஞானதுரை இருபது வருடமாகக் கணினியில், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடாதவர். அதற்காக ஒரு வேலையையே விட்டவர்.

“குரலையும் அவனுக்கு எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் நான்னு என்ன இருக்கு எஸ்தர்?”

“எனக்குக் கேக்கணுங்க,” என்றாள் மனைவி. அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் அவருடைய லினக்ஸ் கணினி அவருக்காகப் பேசியது. தகரத்தைத் தட்டுவது போன்ற இலவசக் குரல். எஸ்தர் அதற்குப் பதில் சொல்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், சமையலறையில் தன் குரல் கேட்டு அவர் எழுந்து போனார். எஸ்தர் கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். எப்போதோ அவர் அனுப்பிய குரல் செய்தி: “பஸ் இன்னும் வரல. நீ சாப்பிட்டிரு.” முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

அவர் மடிக்கணினியை எடுத்துவந்து தட்டச்சு செய்தார். “மன்னிச்சிரு எஸ்தர்,” என்றது கணினி.

எஸ்தர் திரும்பாமல் கையை உயர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்க. அவர் பேசிட்டிருக்கார்.”