விசாரிப்புப் பதிவேடு

"மூணாவது மணிக்குள்ள போனை எடு. எடுத்ததும்..."

பழைய மேனேஜர் அடிக்கடி சொன்னது. எடுத்ததும் சிரிக்கச் சொன்னாரா, ஓட்டல் பேரைச் சொல்லச் சொன்னாரா என்பது கமா சாருக்கு இப்போது ஞாபகமில்லை. எதுவானாலும் எழுதி வைக்கச் சொன்னது மட்டும் நிச்சயம். இருபத்தாறு வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

ரிசர்வேஷன் பதிவேட்டில் ஒரு கமா விட்டுப்போனாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுவார் என்பதால் ஓட்டல்காரர்கள் வைத்த பெயர் அது.

ஆறே மாதத்தில் புதுப்பித்துத் திறந்துவிடுவதாகச் சொல்லி மூடிய ஓட்டல். பதினான்கு மாதம் ஆகியும் சாரம் இறங்கவில்லை. "திறக்கும்போது கூப்பிடறோம்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, பின்பக்கத்து அறையில் இரண்டே பேரை வைத்திருந்தார்கள். போனை எடுத்து லைன் கொடுக்க ஆபரேட்டர் அம்மா. ரூம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிப் பதிவேட்டில் எழுத கமா சார். எத்தனை பேர் விசாரித்தார்கள் என்ற விவரம் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

"சார், ஒரு பார்ட்டி. கம்பெனி மீட்டிங்காம், ஆறு ரூம்."

"எப்ப சார் திறக்கறீங்க?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"அடுத்த மாசம் சார்."

"போன மாசமும் அடுத்த மாசம்னுதானே போர்டு வெச்சிருந்தீங்க?"

"அது போன மாசத்தோட அடுத்த மாசம் சார்."

"சரி சரி. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

வியாழக்கிழமை அதே குரல் டாக்டர் ஆனது. சனிக்கிழமை வெளியூர் வியாபாரி. வேஷம் மாறினாலும் அந்தச் "சிரமத்துக்கு மன்னிக்கணும்" மட்டும் மாறவில்லை.

ஒருநாள் மத்தியானம், ஆபரேட்டர் அம்மா வெளியே போயிருந்த நேரத்தில், வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

"வீட்ல டிபன் பாக்ஸை மறந்து வெச்சுட்டு வந்துட்டாங்க. ஆபரேட்டர்கிட்ட குடுத்துடறீங்களா? சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்."

கமா சாரின் பேனா நின்றது.

அன்று சாயந்திரம் வரை உட்கார்ந்து, பேசியவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்த பதிவேட்டைப் புரட்டினார். அந்த மாதம் வந்த முப்பத்தி நாலு விசாரிப்பில் பத்தொன்பது அந்தக் குரல்! ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்தார். மறுநாள் காலையில் ஆபரேட்டர் அம்மா வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க சீட்டைக் காப்பாத்திக்க வீட்டுக்காரரையே வேஷம் கட்ட வெச்சிருக்கீங்களே, கூச்சமா இல்ல? என் கையால பொய்யை எழுத வெச்சிட்டீங்களே!"

ஆபரேட்டர் அம்மா ஹெட்போனைக் கழற்றினார். "மேல எழுதிட்டீங்களா சார்?"

"காலைத் தபால்லயே போயாச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உங்க பொண்ணுக்கு காலேஜ்ல இது கடைசி வருஷம்தானே சார்?" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க."

"இல்ல சார், மாத்தல. போன்ல மூணாவது லைன் பட்டன் அப்பப்ப ஒட்டிக்கும். லேசாத் தட்டினாப் போதும். இனிமே நீங்கதானே பார்க்கணும்."

ஒரே வாரத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. இரண்டு வேலையும் கமா சார் தலையில் விழுந்தது.

நடுவில் ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் பார்த்தார். ஆபரேட்டர் அம்மா இளைத்திருந்தார்.

"வேற எங்கயாவது சேர்ந்தீங்களா?"

"போற இடத்துல எல்லாம் பழைய இடத்தை விசாரிக்கறாங்க சார். அவரும் வேலை போய் வீட்லதானே இருக்கார்... எப்ப சார் திறக்கறாங்க?"

"அடுத்த மாசம்" என்றார், வாய்ப்பழக்கத்தில்.

"திறந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பழைய ஆளுங்களைக் கூப்பிடுவாங்கல்ல?"

செய்வதையும் செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறாள் என்று நினைத்தபடி கமா சார் பஸ் ஏறிவிட்டார்.

ஒருவழியாகச் சாரம் இறங்கியது. திறப்புத் தேதியோடு தலைமை அலுவலகத்து அதிகாரி வந்தார். புது வரவேற்பறையின் பெயிண்ட் வாசனையில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நல்ல நேரம் சார். அந்தம்மா ஒழுங்கா இருந்திருந்தா நீங்க இன்னிக்கு இந்த நாற்காலியில இல்ல."

"புரியல சார்."

"மாசத்துக்கு முப்பது விசாரிப்பு வரலேன்னா ரிசர்வேஷன் சீட்டை எடுத்துடறதா முடிவு. உங்களை அனுப்பிட்டு, உங்க வேலையையும் சேர்த்து அந்தம்மாகிட்டயே குடுக்கறதா இருந்தோம். சம்பளமும் கூட. அவங்களுக்கு மட்டும் ரகசியமா லெட்டரே போட்டோம். அந்தம்மா என்னடான்னா, வராத விசாரிப்பை வந்ததாக் காட்டி, தனக்கு வர இருந்ததைத் தானே கெடுத்துக்கிச்சு! இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

அதிகாரி சிரித்தார். கமா சார் கேட்டார்:

"பழைய ஆளுங்களைக் கூப்பிடறீங்களா சார்?"

"எல்லாருக்கும் லெட்டர் ரெடி."

"அந்தம்மாவுக்கு?"

"எப்படி சார்? உங்க புகார்தான் ஃபைல்ல உட்கார்ந்திருக்கே."

கமா சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். 'என் சீட்டைக் காப்பாற்றிக்கொள்ள, ஆபரேட்டரின் கணவரை அப்படிப் பேசச் சொன்னவன் நான். அது ஆபரேட்டருக்குத் தெரியாது. பழியை அவர்மேல் போட்டதும் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் பக்கம் நகர்த்தினார்.