இருபது மைலுக்கு மேல்

வேகம் இருபது மைலைத் தாண்டியதும் டம்ளரில் தண்ணீர் தளும்பியது.

காரின் தரைப்பலகையில் இன்னாசியே வைத்த டம்ளர். காலையிலிருந்து ஒன்பதாவது முறை.

கோளாறு எஞ்சினில் இல்லை. க்ளட்சை மிதித்து, எஞ்சினைத் துண்டித்து உருளவிட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

சக்கரத்திலும் இல்லை. முன்சக்கரங்களைப் பின்னால் மாட்டிப் பார்த்தாயிற்று. அதே ஆட்டம்.

போன மாதம் கார் வந்து இறங்கியபோது இந்த வியாதி கிடையாது. கும்பகோணத்தில் கார் மெக்கானிக் என்று இருப்பது இன்னாசி ஒருவன்தான். ஆகவே பழியும் அவனுக்குத்தான்.

வக்கீல் சிதம்பரநாத முதலியார் காரை வாங்கியது மனைவிக்காக. இரண்டு பிள்ளை பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இது எட்டாம் மாதம். வலி கண்டால் இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட வேண்டும், வழியில் குலுங்கவே கூடாது என்பது லேடி டாக்டரின் உத்தரவு.

இன்னாசி காரை வக்கீல் வீட்டு வாசலில் நிறுத்தி, அடியில் படுத்தான்.

எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஏதோ புடைத்திருந்தது.

சுருட்டிய செப்புத் தகடு. மந்திரித்தது. செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

தண்டு சுற்றச் சுற்ற, அந்த ஒருபக்கச் சுமை காரையே உலுக்கியிருக்கிறது.

வெளியே தலையை நீட்டினான். முதலியார் நின்றிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை வாசகசாலையில் தாயத்து மோசடியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர். கைதட்டியது இரண்டு பேர். ஒருவன் இன்னாசி. மற்றவர் காரியதரிசி.

"யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் முதலியார்.

"அவுத்து, ஆடாத எடமாப் பாத்துக் கட்டிடறேங்க."

"பிரசவம் ஆகுற வரைக்கும் கட்டுனதை அவுக்கக் கூடாதாம்."

இன்னாசி சிரிக்கவில்லை. "அப்ப எதிர்ப்பக்கம் இதே எடையில ஒண்ணு கட்டணுங்க. ஈயம் வெட்டி, நிறுத்துப் பாத்து..."

"ஐயா!" உள்ளேயிருந்து மருத்துவச்சி கத்தினாள். "வலி எடுத்துடுச்சு! வண்டியக் கொண்டாங்க!"

முதலியாரின் கை கோட்டுப் பைக்குள் போனது. அதே அளவில், அதே கம்பியோடு இன்னொரு தகடு வெளியே வந்தது.

"இது எதுக்குக் குடுத்ததுங்க?"

"தொட்டில்ல கட்ட."

இன்னாசியின் கை பாதியில் நின்றது.

"கட்டு, இன்னாசி. மொதல்ல பொறக்கட்டும்." பிறகு, தணிந்த குரலில்: "ஏழு சுத்து சுத்தணும்."

இன்னாசி வேதக்காரன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன்.

கம்பியைச் சுற்றினான். ஏழோடு நிறுத்தினான்.

எடை சமமாக இருக்க வேண்டும் அல்லவா.